வெயிலில் வைத்த தண்ணீர் ஏன் பிரிவதில்லை?



தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் வரும். இது நமக்குத் தெரிந்ததுதான். மின்சாரமே இல்லாமல் வெறும் வெயிலை வைத்துப் பிரிக்க முடியுமா? முடியும்னா, மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் ஏன் அப்படியே இருக்கு?

18 கிராம் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 237 கிலோஜூல் ஆற்றல் வேணும். வெயிலில் ஆற்றல் நிறையவே இருக்கு. ஆனால் தண்ணீர் நிறமற்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது பிடித்து வைப்பதில்லை, விட்டுவிடுகிறது.

1972-இல் ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை மீது ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். ஆனால் அதற்குப் புற ஊதாக் கதிர் தேவை. வெயிலில் அது நூற்றுக்குச் சுமார் 5 பங்குதான்!

மீதி ஒளியைப் பயன்படுத்த வேதியியலார் வேலையை இரண்டு மூலக்கூறுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

1. ஒளி பிடிப்பவர்: ருத்தேனியம் உள்ள ஆரஞ்சு நிறச் சேர்மம். நீல ஒளியை உறிஞ்சி ஓர் எலக்ட்ரானைத் தள்ளிவிடும்.

2. வினையூக்கி: கோபால்ட் சேர்மம். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு உண்டாக 2 எலக்ட்ரான் வேணும். ஆனால் வருவதோ ஒவ்வொன்றாகத்தான். முதலில் வந்ததைப் பத்திரமா வைத்துக்கொண்டு அடுத்ததுக்குக் காத்திருப்பதுதான் இதன் சாமர்த்தியம்.

இந்த ஜோடியை வைத்து 1983-இல் பிரான்சின் ஜான் மாரி லேன் குழுவினர் ஹைட்ரஜன் எடுத்தார்கள். அந்தக் கோபால்ட்டைச் சுற்றி இருந்தது யார் தெரியுமா? நிக்கலைக் கண்டுபிடிக்க லேபில் ஊற்றி, சிவப்பு வீழ்படிவு வரவைக்கிறோமே, அதே டைமெத்தில் கிளையாக்சைம்!

ஆனால் ஒரு சிக்கல். அதில் எலக்ட்ரான் தண்ணீரிலிருந்து வரவில்லை. ட்ரைஎத்தனாலமீன் என்ற வேறொரு பொருள் கொடுத்தது. கொடுத்துக் கொடுத்து அதுவே தீர்ந்துபோகும். கடன் வாங்கி விருந்து வைத்த கதைதான். தண்ணீரே எலக்ட்ரானைக் கொடுக்கணும்னா ஆக்சிஜனும் வெளிவரணும். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான்களைப் பிரிக்கணும். கஷ்டமான பாதி இதுதான். இலைகள் 4 மாங்கனீசு, 1 கால்சியம் அணுக்களை வைத்து இதைத் தினமும் செய்கின்றன.

இன்று உலகில் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. அதனால்தான் வெயில் வழி முக்கியம்.

இனி 'வெயிலில் ஹைட்ரஜன்' என்று செய்தி படித்தால் ஒரே கேள்வி கேளுங்க: "பாதி அளவு ஆக்சிஜனும் வந்ததா?" வந்திருந்தால்தான் பிரிந்தது தண்ணீர்!