வாசலில் பூத்தது குங்குமப்பூவா?

கேள்வி: கோடை மழை பெய்த நாலைந்து நாளில் எங்கள் வாசல் ஓரம் ரோஸ் நிறப் பூக்கள் கும்பலாக எழும்புகின்றன. சில நாளில் வாடிவிடும். அடுத்த நல்ல மழைக்கு மறுபடி வரும். நாங்கள் நடவில்லை. குழாய்த் தண்ணீருக்கு மசியாது, இடி இடித்தால்தான் பூக்கும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா இதைக் குங்குமப்பூ என்கிறார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். உள்ளே உள்ள மஞ்சள் இழைகளைப் பாலில் போட்டுக் கொடுக்கலாமா?
- வாசகி, வேடசந்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. பாலை வெறும் பாலாகவே கொடுங்கள். கேட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தீர்களே, அதுவே பெரிய விஷயம்.

பெரியம்மாவின் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஆறு இதழ்ப் பூக்கள். இரண்டுக்கும் புல் போன்ற இலை. ஆனால் ஒரு பூவைப் பறித்து உள்ளே எண்ணிப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டிய இழைகள் ஆறு இருக்கும். இவை மகரந்தத்தாள்கள், அதாவது பூவின் ஆண் உறுப்பு. குங்குமப்பூவில் இவை மூன்றுதான். கடையில் நாம் வாங்குவதும் இவற்றை அல்ல. நடுவில் இருக்கும் செந்நிறச் சூலகமுடியை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனியை. உங்கள் பூவிலும் அது மூன்றாகப் பிளந்திருக்கும், ஆனால் வெள்ளையாக. தவிர, குங்குமப்பூச் செடி விதையே வைக்காது. காஷ்மீரத்துப் பாம்பூரிலும் கிழங்கைக் கையால் நட்டுத்தான் வளர்க்கிறார்கள். (குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் வீண்பேச்சு, நிறம் பெற்றோர் வழி வருவது.)

உங்கள் வாசலில் இருப்பது நர்சரிக்காரர்கள் ரெயின் லில்லி என்று விற்கும் செடி. தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். பூ உள்ளங்கையில் பாதியை அடைத்தால் செபிராந்தஸ் கரினாட்டா. ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதென்றால் செபிராந்தஸ் ரோசியா. உறுதிப்படுத்த ஒன்றைத் தோண்டி நறுக்குங்கள். வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். இதற்குக் குமிழம் என்று பெயர். குங்குமப்பூக் கிழங்கில் அடுக்கு கிடையாது. ஆனால் உங்கள் குமிழத்தை முகர்ந்தால் வெங்காய வாடை வராது. அந்த வாடை இல்லாததுதான் எச்சரிக்கை: இதில் லைகோரின் என்ற நச்சு உண்டு, தின்றால் வாந்தி எடுக்கும். நறுக்கிய கையைக் கழுவிவிடுங்கள்.

நடாமல் எப்படி வந்தது? தாய்க் குமிழத்தின் பக்கத்தில் குட்டிகள் பிரியும். வாசலை மேடாக்க மண் அடித்திருந்தால், அதோடு ஒன்றிரண்டு வந்திருக்கலாம்.

இனி இடி. பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குமிழத்துக்குள் மொட்டு முன்பே தயாராக இருக்கும்; மண் நன்றாகக் காய்ந்து, பிறகு ஆழம்வரை நனைந்தால் அது கிளம்பும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறவர் வீட்டில் மண் முழுதாகக் காய்வதும் இல்லை, முழுதாக நனைவதும் இல்லை. ஒரு தொட்டியில் சில குமிழங்களை நட்டு, மூன்று நான்கு வாரம் காயப்போட்டு, பிறகு இரண்டு நாள் தொட்டி அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். வானம் வாய் திறக்காமலே மொட்டு வர நல்ல வாய்ப்புண்டு.

அந்தத் தொட்டியை மட்டும் சின்ன வெங்காயப் பாத்தியருகே வைக்காதீர்கள்.