மன நோய்க்கு மருந்தும் துஆவும்

வல்ல நாயன் மனிதனுக்கு அளித்துள்ள நிஃமத்துகளில் உடல் நலமும் உள்ள நலமும் தலையாயவை. உடலில் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் ஓடுகிறோம். கை முறிந்தால் கட்டுப் போடுகிறோம். ஆனால் உள்ளத்தில் நோய் கண்டால் மட்டும் வீட்டின் கதவைச் சாத்திக் கொள்கிறோம். "ஊர் என்ன சொல்லும்? பெண்ணுக்கு நிக்காஹ் ஆக வேண்டாமா?" என்று மறைக்கிறோம். மறைக்க முடியாத நிலை வந்த பிறகுதான் யாரிடமாவது காட்டுகிறோம். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நாம் எண்ணியதற்குக் காரணம், நாமே செய்த ஒரு தவறு.

செங்கல்பட்டில் ஒரு பள்ளிவாசலில் நாம் பணி செய்த காலத்தில், வாலிபர் ஒருவர் ஹவ்ளில் அரை மணி நேரம் ஒளுச் செய்வார். கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுவார். தக்பீர் கட்டுவார், விடுவார், மறுபடியும் கட்டுவார். ஜமாஅத் முடிந்துவிடும். ஒரு நாள் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், ஒளு கூடிற்றா இல்லையா என்ற சந்தேகம் என்னைத் தின்கிறது" என்று அழுதார். நாம் அதைப் பேணுதலின் மிகுதி என்று நினைத்தோம். இன்னும் கவனமாகச் செய்யும்படி கூறி, ஓதி வர ஒரு வளீஃபாவும் கொடுத்தனுப்பினோம். விளைவு என்ன தெரியுமா? அந்த வளீஃபாவின் எண்ணிக்கையிலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. நூறு முறை ஓத வேண்டியதை முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஓதினார். கைத்தோல் வெடித்தது. இறுதியில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவருடைய தாயார் மனநல மருத்துவர் ஒருவரிடம் மகனை அழைத்துச் சென்றார்கள். அந்த மருத்துவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் அவர் அந்தத் தாயாரிடம், "உங்கள் மார்க்கத்தில் எத்தனை முறை கழுவினால் போதும் என்பதை உங்கள் ஆலிமிடமே கேட்டு வாருங்கள்" என்று சொல்லியனுப்பினார். அந்தக் கேள்விதான் நம் கண்ணைத் திறந்தது.

இது ஈமானின் குறைவா?

ஒளுவின் உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறுதல் என்று ஹதீஸில் வந்துள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு, அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளுவை முடித்துக் கொள்வார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வணக்கம் முடிந்த பின் எழும் சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும், வஸ்வாஸ் உள்ளவன் அதற்குச் செவி சாய்க்கவே கூடாது என்றும் நம் இமாம்கள் எழுதி வைத்துள்ளார்கள். மத்ரஸாவில் இவற்றையெல்லாம் ஓதிய நாம், நோயாளி எதிரில் நின்றபோது மறந்துவிட்டோம்!

நாவால் சொல்லவும் அஞ்சத்தக்க எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் எழுவதாக ஸஹாபாக்களில் சிலர் முறையிட்டபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை. அந்த அச்சமே ஈமானின் அடையாளம் என்று ஆறுதல் கூறினார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்கள் வெளுத்துப் போனதைத் திருமறையின் யூஸுஃப் சூரா கூறுகிறது. நபிமார்களுக்கே துக்கம் உண்டு. அப்படியிருக்க, நம் வீட்டுப் பிள்ளை சோர்ந்து படுத்தால் "உனக்குத் தவக்குல் இல்லை" என்று நாம் எப்படிச் சொல்லலாம்?

அறிவு பேதலித்தவர் தெளிவடையும் வரை அவரைத் தொட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பதும் நபிமொழி. அவரை அல்லாஹ்வே குற்றம் பிடிப்பதில்லை. நாம் குற்றம் பிடிக்கிறோம்! முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருப்பதாகக் கூறி, சிகிச்சை செய்து கொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். அந்த ஏவலில் உடல் நோய் என்றும் உள்ள நோய் என்றும் பிரிவினை இல்லை.

வீட்டார் அறிய வேண்டிய நோய்கள்

முதலாவது, மனச்சோர்வு. கவலை எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கும் மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடப்பதும், பிடித்த காரியத்திலும் பற்றற்றுப் போவதும், தூக்கமும் பசியும் கெடுவதும், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வலுப்பதும் நோயின் அறிகுறிகள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெண்களுக்கும் இது வரக்கூடும். அதைச் சோம்பல் என்றோ, மாமியாருக்கு அடங்காத குணம் என்றோ எண்ணிவிடலாகாது.

இரண்டாவது, பதற்ற நோய். காரணமின்றி நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இப்போதே மவுத்தாகிவிடுவோம் என்ற பீதி எழும். பெரும் விபத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கரையில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று எங்கும் புகுந்தது. அத்தகைய பேரழிவுக்குப் பின், கடலிலேயே பிறந்து வளர்ந்தவரும் அலையோசை கேட்டு நடுங்கினால் அது கோழைத்தனமன்று.

மூன்றாவது, நாம் மேலே கண்ட வஸ்வாஸ் நோய். சுத்தம், எண்ணிக்கை, பூட்டிய கதவு, தலாக் சொல்லிவிட்டோமோ என்ற ஐயம் என்று இது பல வடிவில் வரும்.

நான்காவது, மனச்சிதைவு. பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கும். யாரும் பேசாதிருக்கவே குரல்கள் கேட்கும். பிறர் தன்னைக் கொல்லச் சதி செய்வதாக உறுதியாக நம்புவார். இதைத்தான் நம் மக்கள் உடனே "ஜின் பிடித்துவிட்டது" என்கிறார்கள். ஜின் இனம் உண்டு என்பது திருமறை கூறும் உண்மை. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த நோயாளிக்கு வந்தது ஜின்தான் என்று உங்களுக்கு அறிவித்தது யார்? இந்நோய்க்கு மாத்திரைகள் உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை.

பேசினால் நோய் தீருமா?

"மாத்திரை சரி, உட்கார்ந்து பேசுவதால் என்ன ஆகும்?" என்று பலர் கேட்கிறார்கள். பேச்சுச் சிகிச்சை என்பது வெறும் புத்திமதியன்று. பயிற்சி பெற்ற ஆலோசகர் பெரும்பாலும் வாரம் ஒரு முறை, முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரம், நோயாளி சொல்வதைக் கேட்பார். எந்த நினைப்பு எந்தப் பயத்தைக் கிளப்புகிறது, அந்தப் பயம் எந்தச் செயலில் தள்ளுகிறது என்பதை இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். பின்பு சிறு சிறு பயிற்சிகள் தொடங்கும். சோர்ந்தவருக்கு முதலில் படுக்கையை விட்டெழுந்து குளிப்பது, பிறகு தெருமுனை வரை நடப்பது. கடலைக் கண்டு அஞ்சுபவருக்கு முதலில் தூரத்திலிருந்து பார்ப்பது, பிறகு மணலில் நிற்பது. வஸ்வாஸ் உள்ளவருக்கு ஒரு தடவை கழுவிவிட்டு, மீண்டும் கழுவச் சொல்லும் உந்துதலுக்கு இணங்காமல் பொறுத்திருப்பது. அந்தத் தவிப்பு முதலில் ஏறும், பிறகு தானே இறங்கும். பயிற்சி தொடரத் தொடர நோயின் பிடி தளரும்.

இது மேல்நாட்டார் நமக்குக் கொண்டு வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ அவர்கள் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்துக்கு ஒரு பகுதியும் ஒதுக்கியுள்ளார்கள். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்துள்ளார்கள். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாத துக்கத்தையும் பிரித்துக் காட்டி, பின்னதற்கு உடல் வழியான மருத்துவமும் வேண்டும் என்கிறார்கள். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்குமாறு யோசனை கூறுகிறார்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய பெரும் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. இது நம் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. நாம்தான் கைவிட்டோம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கணவரின் கோபத்தையும் மாமியாரின் சொல்லையும் ஆலோசகரிடம் சொன்னால் புறம் பேசிய பாவம் சேராதா? சேராது. ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களின் சிக்கனத்தை நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டு வழி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. இதை ஆதாரமாகக் கொண்டு, தீர்வு தேடிச் சொல்வது புறமாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். தேவைக்கு மட்டும் சொல்ல வேண்டும். கேட்ட ஆலோசகரும் அதை அமானிதமாகக் காக்கக் கடமைப்பட்டவர். பெண்கள் பெண் ஆலோசகரை நாடலாம்.

மருந்தைப் பொறுத்தவரை ஒரு வார்த்தை. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் குணமில்லை என்று நிறுத்துவதும், சுகம் கண்டவுடன் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. ரமளான் வருமுன் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற இயலுமா என்று அறிய வேண்டும். இயலாது என்றால் நோயாளிக்குத் திருமறை அளித்த சலுகை இருக்கிறது.

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் விரோதிகள் அல்லர். தாயும் தகப்பனும் உடன்பிறந்தாரும்தான். ஷிஃபா கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் விட்டுச் சென்றார்கள். அதன் பின் அத்தகைய இல்லங்களை அரசு மூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்துள்ளது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது.

நம் பகுதியில் கோவளம் தமீமுல் அன்ஸாரி தர்காவுக்கும் நோயாளிகளை அழைத்து வருவோர் உண்டு. துஆச் செய்யுங்கள், குர்ஆன் ஓதி ஊதுங்கள், அது சுன்னத்தான வழி. ஆனால் அடிப்பதும், பட்டினி போடுவதும், கட்டி வைப்பதும் எந்த மத்ஹபில் இருக்கிறது? அதே கோவளத்தில், 1993-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற பான்யன் அமைப்பு மனநலப் பணி செய்து வருகிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1794-இல் தோன்றிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் முதல் நடுவண் அரசு நடத்தும் சேவை இது. தமிழிலும் பேசலாம்.

யாரேனும் "சாகத் தோன்றுகிறது" என்று சொன்னால், நரகத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொள்ள வேண்டும் என்று மேற்படி சட்டமும் கூறுகிறது. காவல் நிலையத்துக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம்.

அந்த வாலிபருக்கு நாம் ஒரு காகிதத்தில் மஸ்அலா எழுதிக் கொடுத்தோம். மூன்று முறை கழுவினால் ஒளு நிறைவேறியது. அதன் பின் வரும் சந்தேகத்துக்கு மதிப்பில்லை. மீண்டும் கழுவுவது வெறுக்கத்தக்கது. அந்தக் காகிதத்தை வைத்தே மருத்துவர் பயிற்சி கொடுத்தார், மாத்திரையும் கொடுத்தார். சில மாதங்கள் சென்றன. இப்போது அவர் ஜமாஅத்தில் நிற்கிறார். சில நாட்களில் வஸ்வாஸ் எட்டிப் பார்க்கிறது. அதற்கு இணங்காமல் தக்பீர் கட்டிவிடுகிறார்.

நம்மைப் போன்ற இமாம்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் அழுது வருபவருக்கு ஓதிக் கொடுங்கள். கூடவே மருத்துவமனைக்கு வழியும் காட்டுங்கள்.

கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் பாதுகாவல் தேட நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆவை வீட்டில் அனைவரும் காலையும் மாலையும் ஓதி வருவோமாக! நோயுற்ற உள்ளங்களுக்கு வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கு ஸப்ரையும் நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.