இரும்பா? அலுமினியமா?
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். வேகமும் ஓசையும் பளபளப்பும் சித்திரம் என்றால், என்ஜினின் 'பிளாக்'தான் சுவர். பந்தயக் கார் ஒன்றைக் கட்டுகிறவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அதுவே. என்ஜின் ஆண்பிள்ளைகள் பேச்சு என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் இதில் அடங்கியிருப்பது நாம் வகுப்பில் படிக்கும் அழுத்தம், வெப்பம், அடர்த்தி ஆகிய பாடங்களே!

பிளாக் என்பது என்ன?

உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த பெரிய கட்டிதான் பிளாக். சிலிண்டர்கள், குளிர்விக்கும் நீர் ஓடும் வழிகள், எண்ணெய் செல்லும் துளைகள் யாவும் அதற்குள் உள்ளன. கிராங்க் தண்டைத் தாங்குவதும் அதுவே. மற்ற உறுப்புகள் பழுதானால் மாற்றலாம். பிளாக் பிளந்தால் என்ஜினே போயிற்று.

டர்போ செய்யும் வேலை

புகைக்குழாய் வழியாக வீணே வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் செலுத்துவதே டர்போ. இதற்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் புக்கி. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், சக்தி பெருகும்.

ஆனால் சக்தியோடு அழுத்தமும் பெருகுமே! ஒரு சிறு கணக்கு: 8 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. சாதாரண என்ஜினில் எரியும்போது உண்டாகும் உச்ச அழுத்தம் சதுர செ.மீ.க்கு 60 கிலோ என்று கொண்டால், பிஸ்டன் மீது விழும் பாரம் 3,000 கிலோ. டர்போ வைத்து அது 100 கிலோவாக உயர்ந்தால் பாரம் 5,000 கிலோ! நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் நான்கு வீச்சு என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இந்த அடி விநாடிக்கு 50 தடவை விழுகிறது. சீறிவரும் காளையைத் தாங்க நம் ஊர் வாடிவாசலுக்கு உறுதியான மரம் நடுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

இரு உலோகங்கள்

வார்ப்பிரும்பின் அடர்த்தி சுமார் 7.2; அலுமினியத்தின் அடர்த்தி 2.7. எனவே அலுமினிய பிளாக் எடை குறைந்தது. அது வெப்பத்தையும் விரைவில் கடத்திவிடும். ஆயினும் சூடு ஏற ஏற அதன் வலிமை குறையும். வெப்பத்தில் அதிகமாக விரியும். ஆகையால் அதன் சிலிண்டர்களுக்குள் பெரும்பாலும் இரும்பு உறையைச் செருகுவார்கள். வார்ப்பிரும்போ கனமானது, ஆனால் அழுத்தத்தில் எளிதில் உருமாறாது, தேய்மானத்தைத் தாங்கும். அதிலுள்ள கிராபைட் துகள்கள் அதிர்வையும் அடக்கும். விலையும் குறைவு.

ஓர் அரிய எடுத்துக்காட்டு

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1962 முதல் விற்ற '1500' என்ற குடும்பக் காரின் என்ஜின் 80 குதிரைத்திறன் கொண்டது. பின்னாளில் பவுல் ரோஷே என்ற பொறியாளர், அதே வழியில் வந்த நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு பிளாக்கையே எடுத்து, டர்போ பொருத்தி, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு 1,499 க.செ.மீ. என்ஜினாக ஆக்கினார். திறன் 600 குதிரைக்கும் மேலே சென்றது! நன்றாக ஓடிப் பழகிய பழைய பிளாக்குகளை அவர்கள் விரும்பி எடுத்தார்கள். ஏன்? வார்ப்பு குளிரும்போது உலோகத்துக்குள் இறுக்கங்கள் தங்கிவிடும். பலமுறை சூடேறிக் குளிர்ந்த பிளாக்கில் அவை தணிந்திருக்கும். பிறகு அது வளையாது. 1983இல் நெல்சன் பிக்கே இந்த என்ஜினுடன் 59 புள்ளிகள் பெற்று, 57 பெற்ற அலேன் புரோஸ்டை வென்று உலகச் சாம்பியனானார். ஃபார்முலா ஒன்னில் டர்போ என்ஜினுடன் வெல்லப்பட்ட முதல் ஓட்டுநர் உலகப் பட்டம் அது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான கதை உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 காரின் 796 க.செ.மீ. என்ஜினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அதில் டர்போ கிடையாது. ஆனாலும் கையில் கிடைத்த பொருளைத் தக்கபடி பயன்படுத்தும் அறிவு ஒன்றுதானே? அவ்வகைக் காரில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

1. எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அழுத்தம் மிகுதியானால் இரும்பு. அளவான சக்தியும் குறைந்த எடையும் வேண்டுமானால் அலுமினியம்.

2. பழைய பிளாக் என்றால் காந்தத்தூள் சோதனையால் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காணலாம்.

3. ரீபோர் செய்யச் செய்யச் சிலிண்டர் சுவர் மெலியும். டர்போவுக்குத் தடித்த சுவரே தேவை.

4. மேல்முகம் சமமாக இல்லாவிட்டால் கேஸ்கெட் வழியே வாயு கசியும்.

இவற்றைப் பாராமல் பிளாக்கை வாங்குவோருக்குப் பணம் மட்டும் நஷ்டமல்ல. அதிவேகத்தில் பிளாக் உடைந்து எண்ணெய் சக்கரத்தில் பட்டால் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து.

தோழியரே, பளபளப்பைக் கண்டு மயங்காமல், பாரத்தைத் தாங்குமா என்று கேட்டுப் பார்ப்பதே அறிவுடைமை. புதியது என்பதால் சிறந்ததாகிவிடாது. பழையது என்பதால் தாழ்ந்ததாகவும் ஆகிவிடாது. சூட்டைக் கண்டு பழகிய இரும்பே உலகப் பட்டத்தை வென்றதல்லவா?