தரையில் டைல்ஸ் ஆடுகிறதா?

சென்னைப் புறநகரில் உள்ள வரதராஜபுரமும் முடிச்சூரும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அப்படித் தண்ணீர் நின்ற பழைய வீடுகளில், தரைக்கு அடியில் கொட்டிய மண் இறுகி அமர்ந்தால் டைல்ஸின் பிடி விட்டுப்போகும்.

முதலில் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றுப்பானை போல ஒலிக்கும் கற்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். ஒன்றிரண்டு என்றால் கொத்தனாருக்கு அரைநாள் வேலைதான். அறை முழுக்க ஒலித்தாலோ, தரை தாழ்ந்திருந்தாலோ ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அடித்தளத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். குளியலறை ஓரம் என்றால் குழாய்க் கசிவை முதலில் அடையுங்கள்.

இடுக்குப் பூச்சைச் சுரண்டிவிட்டு, கல்லை மெதுவாக நெம்பி எடுக்க வேண்டும். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். அடியில் உள்ள பழைய கலவையைப் பசைக்கு இடம் கிடைக்கும்வரை கொத்தி, தூசியைத் துடைத்தெடுங்கள். பெரும்பாலும் வேலை கெடுவது இந்தத் தூசியால்தான்.

விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. அதனால் சிமென்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. ஐஎஸ் 15477 தர எண் அச்சிட்ட டைல்ஸ் பசையைக் கேட்டு வாங்குங்கள். பல் கரண்டியால் முழுப்பரப்பிலும் பரப்புங்கள். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்தால் நடுவில் மறுபடி வெற்றிடம்தான்.

கற்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். நெருக்கி ஒட்டிய தரை, மே மாத வெயிலில் விரிந்து கூடாரம்போல எழும்பக்கூடும். ஒட்டியபின் 24 மணி நேரம் மிதிக்காமல் விட்டு, அப்புறம் இடுக்கை அடையுங்கள்.