சோதனைக்குரிய உதிரக்கட்டி

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை உதிரக்கட்டி அடைப்பின் பாரிசவாயு நேரும். பெருங்குழாய் அடைபட்டோர்க்கு, அக்கட்டியைக் கம்பிவலையாற் பற்றி வெளியே இழுத்தல் பெரும்பயன் தருமென 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் நிறுவின. இத்தகைய கருவிகளை முதலில் பன்றிகளிடத்துச் சோதிப்பர். பன்றியின் உதிரத்தில் திராம்பின் சேர்த்து உறையவைப்பர். எக்ஸ்கதிர்ப் படத்தில் தோன்றும்பொருட்டுப் பேரியம் சல்பேட்டுங் கலப்பர். பின்னர் அக்கட்டியைக் குழாயினுட் செலுத்தி, கருவியால் எடுத்துப் பார்ப்பர்.

கட்டிகளெல்லாம் ஒருதன்மைய அல்ல. சிவப்பணு மிக்கது மென்மையாய் எளிதில் உடையும். ஃபைப்ரின் மிக்கது இறுகிக் குழாய்ச்சுவரை விடாது பற்றும். மென்கட்டியை மட்டும் எடுத்துக்காட்டிய கருவி தேறியதாகுமோ? ஆகாது, நோயாளரிடத்து வன்கட்டியும் உண்டன்றோ! ஆதலின் இருவகையும் ஆக்கிச் சோதித்தல் வேண்டும். வாய்பேசாப் பிராணியை வருத்திச் செய்யுஞ் சோதனை மெய்யை உரையாதாயின், அவ்வருத்தமும் வீணே என்பது நம் துணிபு.