அருங்காட்சியக ஜாடிகளில் புதிய கெளுத்தியைக் கண்டறிவது எப்படி?

புதிய மீன் இனம் என்றால் மலையோடையில் வலை வீசித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். கெளுத்திகளின் கதை அப்படியல்ல. என்றோ பிடிபட்டு, வேறொரு மீனின் பெயரைச் சுமந்தபடி அருங்காட்சியக அலமாரியில் காத்திருப்பவை பல.

2005ஆம் ஆண்டு புரொசாந்தா சக்கரவர்த்தியும் ஹியோக் ஹீ இங்கும் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. கங்கைக் கரை மீன்களுக்கு ஹாமில்டன் 1822இல் சூட்டிய ‘மிஸ்டஸ் கவாசியஸ்’ என்ற பெயர், தக்காணம் முதல் மியான்மர் வரை பல ஆறுகளின் கெளுத்திகளுக்கு ஒட்டப்பட்டிருந்தது. அவர்கள் சேகரிப்புகளை ஒப்பிட்டார்கள். தக்காணத்து மீன் தனி இனம் என்றும், அதற்கு சைக்ஸ் 1839இல் இட்ட ‘மிஸ்டஸ் சீங்டீ’ என்ற பெயரே உரியது என்றும் தெரிந்தது. மியான்மர் மீனுக்கோ பெயரே இல்லை. அது ‘மிஸ்டஸ் ஃபால்காரியஸ்’ என்ற புதிய இனமாயிற்று.

விலங்கியல் மாணவர், கல்லூரி ஆசிரியர், மீன்களில் உண்மையான அக்கறை கொண்ட எவரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம். இந்தியாவின் நன்னீர்க் கெளுத்திகளை வைத்து அதன் படிகளைப் பார்ப்போம்.

1. ஒரே பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கெளுத்திகளையும் ஒரே மூச்சில் ஆராய முடியாது. 2007இல் கார்ல் ஃபெராரிஸ் வெளியிட்ட உலகப் பட்டியலிலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. நாட்டுக் கெளுத்திகள் அடங்கிய மிஸ்டஸ், வேகமான நீரோட்டத்தில் பாறையைப் பற்றி நிற்கும் கிளிப்டோதோராக்ஸ், உடல் தட்டையான ஓம்போக் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெயர் பல ஆற்றுப் படுகைகளில் சொல்லப்படுகிறது என்றால் அங்கே தேடலாம். ஒன்றோடொன்று கலக்காத ஆறுகளில் வாழும் சிறு மீன்கள் எல்லாம் ஒரே இனமாக இருக்குமா என்று கேட்பது நியாயமான தொடக்கம்.

2. இதுவரை சூட்டப்பட்ட எல்லாப் பெயர்களையும் பட்டியலிடுங்கள்

இன்று வழக்கில் உள்ள பெயர்கள் மட்டும் போதாது, கைவிடப்பட்டவையும் வேண்டும். கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ‘எஷ்மேயர் மீன் பட்டியல்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பெயரையும் யார், எந்த ஆண்டு, எந்த நூலில் வெளியிட்டார், மீன் எந்த இடத்தில் பிடிபட்டது, அது இன்று எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்பதை அதில் காணலாம். ஒரு விரிதாளில் பெயருக்கு ஒரு வரி என எழுதுங்கள்.

ஒரு புதிய பெயருக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட மீனை மூலமாதிரி என்பார்கள். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, பெயருக்கு மூலமாதிரி அப்படி. பெயர் எந்த மீனுக்கு உரியது என்ற வழக்கை அதுதான் தீர்க்கும். பழைய ஆசிரியர்கள் பல மீன்களை ஒன்றாகவே வைத்துப் பெயரிட்டிருந்தால், பின்னால் வருபவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து முதன்மையாக்கலாம். எதுவும் மிஞ்சவில்லை, குழப்பமும் தீரவில்லை என்றால் மாற்று மூலமாதிரி ஒன்றை விதிப்படி நிறுவலாம்.

3. மூல விவரிப்பை நீங்களே படியுங்கள்

பின்வந்த நூல்களின் சுருக்கத்தை நம்பி நிற்காதீர்கள். பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணையதளத்தில் பழைய நூல்கள் பெரும்பாலும் இலவசம். ஹாமில்டனின் 1822 கங்கை நூல், ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ ஆகியவை அடிப்படை. ஜெர்டன் 1849இல் மெட்ராஸ் இதழ் ஒன்றில் எழுதிய தென்னிந்திய நன்னீர் மீன்கள் பற்றிய கட்டுரையையும் காவிரிப் படுகையில் வேலை செய்பவர் படித்தே ஆக வேண்டும். காவிரியின் ‘ஹெமிபாக்ரஸ் பங்டேட்டஸ்’ கெளுத்திக்குப் பெயர் தந்தது அந்தக் கட்டுரைதான்.

ஹாமில்டன் தம் மீன்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. அவருடைய பெயர்களுக்கு விவரிப்பும் படங்களுமே சான்று. ஆகவே அவர் சொன்ன பகுதியிலிருந்து பின்னாளில் சேகரித்த மீன்களைத் தேடி ஒப்பிட வேண்டும்.

4. எந்த மீன் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுங்கள்

தரங்கம்பாடியிலிருந்து மிஷனரி ஜான் அனுப்பிய மீன்களை வைத்து பெர்லினில் பிளாக் 1794இல் தேளிக்கும் கோடுள்ள நாட்டுக் கெளுத்தி ஒன்றுக்கும் அறிவியல் பெயர் இட்டார். அவருடைய சேகரிப்பு இன்றும் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலபாரில் துசுமியே திரட்டியவை பாரிசுக்குப் போயின. டேயின் மீன்கள் லண்டன், கொல்கத்தா, லைடன், சிட்னி எனச் சிதறிக் கிடக்கின்றன. நம் ஆற்று மீனின் பெயர்ச் சான்றைத் தேட இப்படிப் பல நாடுகளுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களின் தரவுத்தளங்களை இணையத்திலேயே தேடலாம். ‘ஜிபிஃப்’ என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளம் பல நிறுவனங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தருகிறது. இந்தியாவில் முதலில் தேட வேண்டியது 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத் துறை. கொல்கத்தா தலைமையகத்தோடு சென்னை, கோழிக்கோடு, புனே, ஐதராபாத் மையங்களிலும் சேகரிப்புகள் உண்டு. இணையத்தில் இல்லாததால் ஒரு மீன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கையெழுத்துப் பதிவேட்டில் மட்டும் வாழும் ஜாடிகள் ஏராளம்.

5. காப்பாளருக்கு முறையாக எழுதுங்கள்

‘உங்கள் கெளுத்திகளைப் பார்க்க வேண்டும்’ என்ற கடிதத்துக்குப் பயன் குறைவு. ஆய்வின் நோக்கம், பார்க்க வேண்டிய பதிவு எண்கள், வருகை நாட்கள், தேவைப்படும் கருவிகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நேரில் போக இயலாத இடங்களிலிருந்து மீனின் பக்கவாட்டு, மேல், கீழ்த் தோற்றங்களை அளவுகோலுடன் படமெடுத்துத் தரவும், எக்ஸ்ரே இருந்தால் பகிரவும் கேட்கலாம். மூலமாதிரிகளைப் பெரும்பாலும் தபாலில் அனுப்ப மாட்டார்கள், அதில் வருந்த ஒன்றுமில்லை. அவை ஈடு செய்ய முடியாதவை.

6. ஜாடியைத் திறக்கும் முன் சீட்டைப் படியுங்கள்

மீனை விடச் சில நேரம் சீட்டு அதிகம் சொல்லும். வெளியே ஒட்டிய லேபிள், உள்ளே மிதக்கும் சீட்டு, மீனில் கட்டிய எண், பதிவேட்டின் வரி ஆகிய நான்கும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். எல்லாவற்றையும் படமெடுங்கள்.

பழைய இடப்பெயர்களில் கவனம் தேவை. ‘மெட்ராஸ்’ என்பது நகரமா, மலபாரையும் தென் கன்னடத்தையும் உள்ளடக்கிய மாகாணமா? சேகரித்தவரின் பயணக் குறிப்புகளையும் அக்கால நிலப்படங்களையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு ஜாடியில் இரண்டு இனங்கள் கலந்து கிடப்பதும் உண்டு. நீங்களே பிரித்து வேறு ஜாடியில் போடாதீர்கள். காப்பாளரிடம் சொல்லி, புது எண் பெற்றுப் பிரிக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது மீன் உலரக் கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மூடி வையுங்கள். பல ஆண்டு ஊறிய மீனின் முள்ளும் விரலைக் கிழிக்கும், கையுறை அவசியம்.

7. அளந்து, எண்ணி, உற்றுப் பாருங்கள்

நிறத்தை நம்பி இறங்க முடியாது. ஸ்பிரிட்டில் அது வெளுத்துப் போகும். வடிவமும் எலும்பும்தான் கைகொடுக்கும். டிஜிட்டல் காலிப்பர் கொண்டு, எப்போதும் இடப்பக்கத்தில், 0.1 மில்லிமீட்டர் வரை அளவெடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை உள்ள திட்ட நீளம் முதல் அளவு. மற்றவற்றை அதன் விழுக்காடாகவோ தலை நீளத்தின் விழுக்காடாகவோ எழுதுங்கள்.

கெளுத்திகளில் தவறாமல் பார்க்க வேண்டியவை:

- மீசைகளில் ஒவ்வொன்றும் எது வரை எட்டுகிறது. மேல்தாடை மீசை இடுப்புத் துடுப்போடு நிற்கிறதா, வாலைத் தொடுகிறதா என்பது மிஸ்டஸ் இனங்களைப் பிரிக்கும்.
- கொழுப்புத் துடுப்பின் அடி நீளம், முதுகுத் துடுப்போடு அது ஒட்டியிருக்கிறதா, இடைவெளி உண்டா என்பது. கவாசியஸ் குழுவில் அது முதுகுத் துடுப்பை ஒட்டியே தொடங்கும். கழிமுகங்களில் வாழும் ‘மிஸ்டஸ் குலியோ’வில் குட்டையாக, தள்ளி நிற்கும்.
- மார்புத் துடுப்பு முள்ளின் பற்கள்: எந்த விளிம்பில், எத்தனை, எவ்வளவு பெரியவை.
- தலையின் பின்னெலும்பு நீட்சி முதுகுத் துடுப்பின் முன்தகட்டைத் தொடுகிறதா.
- தலையுச்சிப் பள்ளத்தின் நீளமும் அகலமும்.
- வாயினுள் அண்ணப் பல்வரிசையின் வடிவம்.
- கிளிப்டோதோராக்ஸ் என்றால் மார்பிலுள்ள ஒட்டும் தோல் மடிப்புகளின் அமைப்பு.
- துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை. குதத் துடுப்பு நீண்ட ஓம்போக்கில் இது முக்கியம்.
- முதுகெலும்புகளின் எண்ணிக்கை. எக்ஸ்ரே எடுத்தால் மீனை அறுக்காமலே எண்ணலாம்.

8. வேறுபாடு எதனால் என்று சோதியுங்கள்

இரண்டு மீன்கள் வேறாகத் தெரிவதாலேயே இரண்டு இனங்கள் ஆகிவிடாது. குஞ்சுக்குக் கண் பெரிது, மீசை நீளம். வளர வளர விகிதம் மாறும். முட்டை நிறைந்த பெண் மீன் அகலமாக இருக்கும். ஆகவே சிறிதும் பெரிதுமாகப் பல மீன்களை அளந்து, திட்ட நீளத்துக்கு எதிரே ஒவ்வொரு அளவையும் வரைபடத்தில் புள்ளியிடுங்கள். ஒரே அளவுள்ள மீன்களை ஒப்பிடும்போதும் இரு கூட்டங்கள் விலகியே நின்றால், ஒன்றுக்கு மேற்பட்ட பண்புகளிலும் அதே பிரிவு தெரிந்தால், உங்கள் ஐயம் வலுப்படுகிறது.

9. பழைய பெயர் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை கேளுங்கள்

தனி இனம்தான் என்று உறுதியானாலும் அது புதிய இனம் என்று பொருளல்ல. விலங்கியல் பெயரிடல் விதிகள் 1758 முதல் வெளியான பெயர்களை ஏற்கின்றன; அவற்றில் முந்தியதற்கே முன்னுரிமை. உங்கள் பட்டியலில் கைவிடப்பட்டிருந்த பெயர் ஒன்றின் மூலமாதிரி உங்கள் மீனோடு பொருந்தினால், அந்தப் பெயரை மீட்டெடுங்கள். சீங்டீ அப்படித்தான் திரும்பியது.

இதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வங்காளத்தில் மாகுர் எனப்படும் மீனைப் பாடநூல்கள் பல்லாண்டு ‘கிளாரியஸ் பட்ராகஸ்’ என்றே எழுதின. 2008இல் ஹியோக் ஹீ இங்கும் மௌரிஸ் காட்டலாவும் லின்னேயஸின் அந்தப் பெயருக்கு ஜாவா மீனை மாற்று மூலமாதிரியாக நிறுவினார்கள். நம் மீனுக்கு ஹாமில்டன் தந்த ‘கிளாரியஸ் மாகுர்’ என்ற பெயர் உரியதாயிற்று. குஞ்சு பொரிப்பகமும் பாதுகாப்புத் திட்டமும் எந்த மீனை வளர்க்கின்றன, எதைக் காக்கின்றன என்பது இத்தகைய முடிவுகளில் தொங்குகிறது.

10. ஆற்றுக்குப் போங்கள்

இப்போதுதான் வலைக்கு வேலை. பழைய மீன் பிடிபட்ட அதே இடத்தில் புதிதாகப் பிடித்து, உயிருள்ள நிறத்தைப் படமெடுங்கள். ஃபார்மலினில் இடும் முன் துடுப்பின் சிறு துண்டை எத்தனாலில் எடுத்து வையுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். காப்பகப் பகுதிகளுக்கு வனத்துறையின் முன்அனுமதி கட்டாயம். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலிலேயே கேட்டறியுங்கள்.

ஜாடிகள் சொல்லாததைக் கிணறுகள் சொல்வதும் உண்டு. மேனன் 1950இல் கோட்டயத்துக் கிணற்று மீனை வைத்து ‘ஹொராகிளானிஸ்’ என்ற கண்ணில்லாக் கெளுத்திப் பேரினத்தை விவரித்தார். அதே பேரினத்தின் ‘ஹொராகிளானிஸ் பாபுலி’, கிணற்றிலும் குழாயிலும் மீன் வந்ததைத் தெரிவித்த கேரள மக்களின் உதவியால் அறிமுகமானது. கிராமத்தில் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதும் இந்த வேலையின் பகுதிதான்.

11. வெளியிட்டு, மீனை ஒப்படையுங்கள்

கட்டுரையில் ஒரே ஒரு மீனை முதன்மை மூலமாதிரியாகக் குறியுங்கள். நெருங்கிய இனங்களிலிருந்து எது பிரிக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். ஒப்பிட்ட ஒவ்வொரு மீனின் எண்ணையும், அருங்காட்சியகத்தையும், இடத்தையும் பட்டியலிடுங்கள். மின்னிதழில் வெளியிட்டால் ‘ஜூபேங்க்’ பதிவு இல்லாமல் பெயர் செல்லாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தை அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் அளவைத் துறை அத்தகைய காப்பகம்.

புதிய இனம் அமையாவிட்டாலும் உழைப்பு வீணாகாது. தெளிவற்ற பழைய இனத்தைத் திருத்தமாக மறுவிவரிப்பதும், தவறான சீட்டுகளைக் காப்பாளரிடம் சுட்டிக்காட்டுவதும் அடுத்து வருபவருக்குப் பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும். அணையும் மணல் அள்ளலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஆற்றை மாற்றிக்கொண்டிருக்கும் காலத்தில், பெயரில்லாத மீனுக்காக வாதாட எந்த ஆவணமும் இருக்காது. அந்த ஆவணத்தை உருவாக்குவதே இந்த வேலையின் பயன்.

தொடங்க வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். உங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் தூசி படிந்த கெளுத்தி ஜாடிகள் இருந்தால், இந்த வாரமே அவற்றின் சீட்டுகளைப் படமெடுத்துப் பட்டியலிடுங்கள், குறைந்துபோன ஸ்பிரிட்டை நிரப்புங்கள். எந்த ஆறு, எந்த ஆண்டு, யார் பிடித்தது என்ற மூன்று விவரங்களும் கிடைத்தால், அந்த ஜாடி ஆய்வுக்கு ஆயத்தம்.