நாள் தள்ளிப்போகும் முன்பே

பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்ன அன்றே, வீட்டில் தாயைப் பார்த்துக் கேள்விகள் கிளம்பிவிடும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? கனமான குடத்தைத் தூக்கினாயா? பப்பாளி தின்றாயா? பிரசவ வலி ஆறாத உடம்போடு அவள் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் குழந்தையின் இதயத்துக்கும் தொடர்பு கிடையாது.

உயிருடன் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கிறது. பிறவிக் குறைகளிலேயே அதிகம் காணப்படுபவற்றில் இது ஒன்று. கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் துளை இருப்பதுதான் சிகிச்சைக்கு வருபவற்றில் மிகவும் சாதாரணமானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட மருத்துவத்தால் முடிவதில்லை. சிலருக்கு மட்டும் காரணம் தெரியும், அதிலும் சிலவற்றைத் தடுக்க முடியும். ஆனால் அதற்கான நேரம் நாம் நினைப்பதைவிட முந்தியது. நாள் தள்ளிப்போன ஒரு வாரத்திலேயே கருவின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்த ஐந்து வாரத்துக்குள் சுவர்களும் வால்வுகளும் உருவாகி முடிந்துவிடுகின்றன. இரண்டு மாதம் கழித்து டாக்டரிடம் போனால், கட்டுமானம் பெரும்பாலும் முடிந்த வீட்டைப் பார்க்கத்தான் போகிறோம்.

கருத்தரிக்கும் முன் செய்ய வேண்டியவை

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த மாதத்திலிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டுக் குறைகளைத் தடுப்பதில் அதன் பலன் உறுதியாக நிறுவப்பட்டது. இதயத்துக்கும் ஓரளவு உதவும் என்று நம்ப இடமிருக்கிறது.

ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பலருக்கு இதயக் குறையும் இருந்தது. தாய்மார்களை விசாரித்தபோது, பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்லப்படும் ருபெல்லா வந்து போயிருந்தது. இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். தாய்க்கு அது ஒன்றுமேயில்லை. உள்ளே இருந்த குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் அது தாக்கியிருந்தது.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தட்டம்மை ருபெல்லா ஊசி முகாம் நடந்தது. அன்று 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் பலர் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த ஊசி எப்போதுமே கிடைத்திருக்காது. ஆகவே கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் தலைகாட்டும் சர்க்கரை வேறு, முன்பிருந்தே இருப்பது வேறு. இதயம் உருவாகும் அந்தச் சில வாரங்களில் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தால் இதயக் குறைக்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையைச் செய்து பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு கருத்தரிப்பதே நல்லது.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனநோய்க்கான லித்தியம், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. மாற்று மருந்துகள் உண்டு.

அப்போது செய்யக்கூடாதவை

இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் வரும் வலிப்பு தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

மது, புகை வேண்டாம். கணவர் வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட்டும் இதில் சேர்த்திதான்.

சொத்து பிரியக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்பதற்காக அக்கா மகளை, மாமன் மகனைக் கட்டிவைக்காதீர்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் அதிகமான திருமணங்கள் இன்னும் உறவுக்குள்ளேயே நடக்கின்றன. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்துகொண்டால் பிறவிக் குறைகளின் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 100க்கு 3 என்பது 6 ஆகிறது. ஏற்கெனவே அப்படி மணந்தவர்கள் இதே கணக்கைத் திருப்பிப் படியுங்கள்: 94 குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. பயந்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் உறவுமுறையைச் சொல்லி, 18 முதல் 24 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கென்றே எடுக்கும் எக்கோ பரிசோதனையைக் கேளுங்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடக்கூடாது. அது குழந்தையின் உறுப்புகளைப் பார்ப்பதற்கானது.

குழந்தை பிறந்த பின்

பிறந்து ஒரு நாள் கழிந்ததும், டிஸ்சார்ஜுக்கு முன், குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே, அதே வகைக் கருவிதான். குழந்தைக்கென்று சிறிய சென்சார் இருக்கும். இரண்டு இடத்திலும் 95 அல்லது அதற்கு மேல், வித்தியாசம் 3க்குள் இருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும்போது இதயத்திலிருந்து கிளம்பும் இரு பெருங்குழாய்களை இணைத்த ஒரு சிறு குழாய், பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். அதுவரை சில கடுமையான குறைகளை அந்தக் குழாயே மறைத்து வைத்திருக்கும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குழந்தை திடீரென்று துவண்டுபோவது இதனால்தான். ஆனால் சுவரில் உள்ள துளை போன்ற குறைகள் இந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம்.

எனவே பால் குடிக்கும்போது கவனியுங்கள். இரண்டு வாய் குடித்துவிட்டுக் களைத்து நிறுத்துகிறதா, நெற்றி வியர்க்கிறதா, விலா உள்ளிழுக்கிறதா, எடை ஏறவில்லையா, சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? நம் குழந்தைகளின் நிறத்தில் தோலின் நீலம் எளிதில் கண்ணுக்குப் படாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள்.

மாந்தம், செவ்வாப்பு என்று உரைமருந்து ஊட்டி நாளைக் கடத்தாதீர்கள்.

"வளர வளர ஓட்டை தானா மூடிக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சிறிய துளைகள் பல அப்படி மூடுவது உண்மை. எது சிறியது, எது பெரியது என்பதை எக்கோவில்தான் பார்க்க முடியும். பெரிய துளையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் இறுகி, அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலை வந்துவிடும். இந்த ஒன்றுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது, ஏனென்றால் உரிய காலத்தில் போயிருந்தால் அது தடுக்கக்கூடியது.

பணம் இல்லையென்று தயங்காதீர்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சை உண்டு.

குழந்தை அழுது நீலம் பாரித்து மூச்சு வாங்கினால், அதன் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தபடி 108ஐக் கூப்பிடுங்கள். இதயக் குறை உள்ள பிள்ளை என்று வழக்கமான தடுப்பூசிகளை நிறுத்திவிடாதீர்கள். பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள். சொத்தைப் பல்லின் கிருமி இதயத்துக்குப் போகலாம்.

அறுவை சிகிச்சை முடிந்த பெண் குழந்தை என்றால் அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து அவள் தாயாக நினைக்கும்போது, நாள் தள்ளிப்போகும் முன்பே இதய மருத்துவரிடம் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.